இடுப்பளவு

ஒரு மனிதனுக்குப் பெல்ட் செய்ய அவனுடைய இடுப்பளவு தெரிய வேண்டும். இது அற்பமான விஷயமாகப் படலாம். ஆனால் திருப்பூர் வட்டாரத்தில் இருப்பவனுக்கு இது அத்தனை அற்பமில்லை. இங்கே நாள் முழுக்க இடுப்புகளுக்குத்தான் வெட்டுகிறார்கள், தைக்கிறார்கள். 80, 85, 90, 95 என்று சென்டிமீட்டர் கணக்கில், டஜன் டஜனாக. அந்த எண்களுக்குப் பின்னால் முகமுள்ள மனிதன் யாரும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. என் அப்பா ஐம்பது வருஷம் பனியன் கம்பெனிகளில் துணி வெட்டியவர். அவர் கையில் போன அளவுகளுக்குக் கணக்கில்லை. அவர் இடுப்பளவு என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

2018ல் அவர் வேலையை நிறுத்திக்கொண்டபோது, தோலில் ஒரு பெல்ட் என் கையாலேயே செய்து அவருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். அதற்கு முன் நான் தோலைத் தொட்டு எதுவும் செய்தவனில்லை. திருமுருகன்பூண்டியில் எங்கள் வீட்டில் தோல் பொருள் எதுவும் கிடையாது. ரப்பர் செருப்பு, துணிப்பை, வேட்டிக்கு மேல் அப்பா கட்டும் காசுப்பை வைத்த பெல்ட்கூட ரெக்ஸின்தான். இது தற்செயலாக நேர்ந்ததல்ல. வாய்விட்டுச் சொல்லப்படாத ஒரு தீர்மானம் அதில் இருந்தது.

தாத்தா தோல் தைத்தவர். எங்களை இப்போது அருந்ததியர் என்கிறார்கள். அவர் காலத்தில் மாதாரி என்றுதான் கூப்பிட்டார்கள். மின்சார மோட்டார் வருவதற்கு முன் கொங்கு நாட்டு விவசாயம் கவலை இறைப்பை நம்பி இருந்தது. எருதுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, கிணற்றிலிருந்து சால் மேலே வரும். சாலின் அடியில் தோலாலான தும்பி. மேலே வந்ததும் அது வாய் திறந்து தண்ணீரை வாய்க்காலில் விடும். தும்பி தைப்பது, கிழிந்தால் ஒட்டுப் போடுவது, பண்ணயக்காரர் வீட்டுக்குச் செருப்புத் தைப்பது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது எல்லாம் தாத்தாவின் பொறுப்பு. அறுப்பு முடிந்ததும் களத்தில் தானியம் அளந்து போடுவார்கள். அந்தச் செருப்பைத் தைத்தவர், அதைப் போன்ற ஒன்றைத் தானும் மாட்டிக்கொண்டு பண்ணயக்காரர் தெருவில் நடக்க முடியாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. பொருளைச் செய்து கொடுத்தவர் தாத்தா. ஆனால் ஊர் பாஷையில் அவர் வாங்குகிறவர். தானியம் அளந்து போட்டவர்தான் கொடுக்கிறவர். வாழ்நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருந்த ஒரு மனிதர் வாங்குகிறவராகவே செத்துப்போனார்.

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி 1909ல் ‘இந்தியக் கைவினைஞன்’ என்று ஒரு சிறு நூல் எழுதினார். பரம்பரைத் தொழிலும், கிராமம் தரும் நிலமும் தானியமும் கைவினைஞனைச் சந்தையின் போட்டியிலிருந்து காப்பாற்றின, அந்த நிம்மதியில்தான் நல்ல வேலை பிறந்தது என்ற திசையில் போகிறது அவருடைய வாதம். யந்திரத்தைக் கண்டு அவர் பட்ட கவலை உண்மையானது. அவருடைய ரசனையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தாத்தாவுக்கும் அதே பரம்பரைத் தொழில்தான், அதே தானியம்தான். அவருக்கு வாய்க்காதது ஒன்றே ஒன்று: முடியாது என்று சொல்லும் வசதி. கைவேலையைப் பற்றி இன்று நாம் உருகி எழுதுகிற வாக்கியங்களை எல்லாம் இந்த ஒரு இடத்தில் உரசிப் பார்த்துக்கொள்வது நல்லது.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932ல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் கோவைப் பக்கத்து ஆலைகளுக்கு வந்து, பிறகு மெல்ல மெல்லக் கிணறுகளுக்கும் வந்தது. மோட்டார் ஏறிய ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு தும்பி தேவையற்றுப் போயிற்று. தொழில் அழிந்தது என்று இதைத் துக்கமாகச் சொல்லலாம். எங்கள் வீட்டில் யாரும் துக்கப்பட்டதாகத் தெரியவில்லை. 1968ல், 15 வயதில், அப்பா திருப்பூருக்கு நடந்து போய் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அங்கே எல்லாம் சமமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் டஜனுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருந்தது. சனிக்கிழமை சம்பளம் காசாகக் கைக்கு வந்தது. அதைக் களத்தில் குனிந்து நின்று வாங்க வேண்டியதில்லை. விலை என்ற ஒன்று அப்பாவுக்கு விடுதலையாக வந்தது. அவரிடம் போய்ச் சந்தையின் சூனியம் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

பிறகு எதற்குத் தோல்? இந்தக் கேள்வியோடுதான் வேலையைத் தொடங்கினேன்.

ஈரோட்டில் பட்டை போட்டுப் பதனிட்ட தோல் வாங்கினேன். இன்று உலகத்தில் பெரும்பகுதித் தோல் குரோமிய உப்பில் பதனிடப்படுகிறது. அது சீக்கிரம் முடிகிற வேலை, தோலும் மிருதுவாக இருக்கும். ஆனால் வெட்டிய ஓரத்தைத் தேய்த்து மெருகேற்ற அது இடம் கொடுக்காது. மரப்பட்டையில் ஊறிய தோல்தான் தண்ணீருக்கும் தேய்ப்புக்கும் இணங்கி, ஓரம் இறுகிப் பளபளக்கும். ஒரு காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் சந்தைக்குப் போன தோலுக்கு ஆவாரம்பட்டைதான் உயிர். பிறகு தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பொங்கலுக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூவைச் சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். எல்லார் வீட்டுக் கூரையிலும் செருகிய செடிதான் தொட்டியிலும் கிடந்தது. பூவுக்கு மங்கலம் என்றார்கள். பட்டையோடு புழங்கியவனுக்குத் தீட்டு என்றார்கள்.

பெல்ட்டுக்கு மாட்டின் முதுகுப் பகுதித் தோல் வேண்டும். வயிற்றுப் பகுதி நாளடைவில் இழுபட்டுக் கோணிவிடும். ஒன்றரை அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டி, முதுகோடு முதுகு ஒட்டி, இரண்டு ஓரமும் தைப்பதாகத் திட்டம். அவிநாசி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் பெரியவர் ஒருவர் நாலைந்து சாயங்காலம் சொல்லிக்கொடுத்தார். “எதுக்குங்க தம்பி இத்தனை மெனக்கேடு, மிசின்ல ரெண்டு நிமிசம்” என்றார். பிறகு அவரே காரணமும் சொன்னார். மிஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றதும் விட்டுப்போகும். கைத்தையலில் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு பக்கத்திலிருந்தும் நூல் போகிறது. ஓரிடத்தில் அறுந்தாலும் மிச்சம் நிற்கும். ஓரத்துக்கு 40 அங்குலம், இரண்டு ஓரம், அங்குலத்துக்கு 5 துளை. ஆக 400 துளை, 800 முறை ஊசி. அப்பாவின் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் நிமிஷத்துக்கு 5000 தையலுக்கு மேல் ஓடக்கூடியது. எனக்குப் பதினோரு ராத்திரிகள் ஆயின.

இடுப்பளவை அவரிடம் கேட்கவில்லை. கொடியில் கிடந்த ரெக்ஸின் பெல்ட்டில் தேய்ந்து நீண்டிருந்த துளையைப் பார்த்து எடுத்துக்கொண்டேன். பக்கிளிலிருந்து அந்தத் துளைவரை 36 அங்குலம். புதிய பெல்ட்டில் ஐந்து துளைகள்; நடுத்துளை அந்த 36க்கு. இளைத்தாலும் பெருத்தாலும் இரண்டிரண்டு துளை இருபுறமும்.

திருமுருகன்பூண்டியைக் கல்தச்சர்களின் ஊர் என்றுதான் வெளியில் தெரியும். சாலையோரத்தில் பாதி முடிந்த தெய்வங்கள் நிற்கும். செதுக்குபவர்களுக்கு சாஸ்திரம் உண்டு, ஸ்தபதி என்ற பெயர் உண்டு. நான் தைத்துக்கொண்டிருந்த ராத்திரிகளில் அவர்கள்மேல் பொறாமை வரவில்லை. கோயிலின் புராணம்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய நிதியோடு சுந்தரர் இந்த வழியாக வருகிறார். சிவன் தன் பூதகணங்களை வேடர்களாக அனுப்பி அவ்வளவையும் பறித்துக்கொள்கிறார். பாடியபின் திருப்பித் தருகிறார். பெரியபுராணம் சொல்லும் கதை. சுந்தரருக்குத் தான் கொடுத்தாலன்றிப் பிறர் கொடுப்பது தகாது என்பதுதான் பறித்ததற்குக் காரணம். பொருள் அதே பொருள். கொடுத்த கைதான் மாறியிருக்கிறது. கொடுப்பது ஒரு ஸ்தானம், அதற்குப் போட்டி உண்டு என்பது இந்த ஊருக்கு ஆதியிலேயே தெரிந்திருக்கிறது. தாத்தாவுக்கு மறுக்கப்பட்டதும் அந்த ஸ்தானம்தான். தோல் எங்களை இழிவுபடுத்தவில்லை. கொடுக்க முடியாத இடத்தில் நிறுத்தப்பட்டதுதான் இழிவு. எங்கள் குடும்பத்தில் யாரும் ஏவாமல், யாரும் கேட்காமல் தைக்கப்பட்ட முதல் தோல் பொருள் இந்தப் பெல்ட்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடுத்தேன். அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வெறுப்பும் இல்லை. இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் ஓரத்தை நீளவாக்கில் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார்.

“தாத்தன் வாரு போட்டுத் தைப்பாரு. நீ நூல்ல தெச்சிருக்கற” என்றார். தாத்தாவின் தையலைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு கேட்டார்: “எத்தனை ஆச்சு?”

இந்தக் கேள்வி என்னைப் புண்படுத்தியிருக்கலாம். புண்படுத்தவில்லை. விலை கேட்பது அவர் தலைமுறை சம்பாதித்த உரிமை. அதை என் வெகுமதியால் அடித்துவிட எனக்கு மனமில்லை. தோலுக்கும் பக்கிளுக்கும் ஆன தொகையைச் சொன்னேன். எண்ணி மேஜைமேல் வைத்தார்.

“தையலு?”

“அது நான் குடுக்கறதுங்கப்பா.”

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, சரி என்று வாங்கிக்கொண்டார்.