கப்பல் ஏறாத பயணம்

கனடாவில இருக்கிற மச்சாள் மத்தியதரைக் கடலில கப்பல் ஏறி எபேசஸ், பொம்பெய் எண்டு பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறா. நல்லது. எங்களுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறை காணும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில நெடுந்தீவு. சோளகம் வீசினா குடலே வெளியில வரும், அது வேற கதை.

அங்கத்தைக் கோட்டை பவளக்கல்லால கட்டினது. சுவருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கோ, பவளத்தின்ர வரிகள் இன்னும் அழியேல்லை. புறாக்கூடு, பெருக்கமரம், மேயிற குதிரையள் எல்லாம் ஒரே நாளில பார்க்கலாம்.

காரைநகர்ப் பக்கம் கடலுக்குள்ள நிக்கிறது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டினது, 1658இல ஒல்லாந்தர் பிடிச்சினம். இப்ப கடற்படை நடத்திற விடுதி.

விடுமுறைக்கு வாற சொந்தங்களே, நெடுந்தீவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கோ. கோட்டைச் சுவரில மட்டும் பேர் கீறாதேங்கோ.