நனைந்த தடத்தில் ஹெரால்டு

மழைநாளில் பந்தயத் தடத்துக்குப் போய் மோட்டார் ஓட்டுவதை யாரேனும் விரும்பிச் செய்வாரோ என்று நம் மாணவ அன்பர் சிலர் வினவக்கூடும். விரும்பியே செய்தோம் என்பது எம் விடை. அதுவும் புதிய வண்டியிலன்று. 1960களில் வண்டலூர்த் தொழிற்சாலையினின்று வெளிவந்த இரு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றில். அவ்வண்டியைப் பலவாறு மாற்றியமைத்திருந்தோம். அன்று அதனை ஓட்டியவருள் ஒருவன் எம் தங்கை மகன். நம் கல்லூரியில் இப்பொழுது இரண்டாம் ஆண்டு பயில்கின்றான். தன் பெயரை இங்கே எழுதலாகாதென்று எம்மிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். ஆதலின் மருமகன் என்றே குறிப்போம்.

ஹெரால்டைப் பந்தய வண்டி என்பது மிகையென்று சிலர் நகைப்பர். நகைக்கட்டும். 1959-இல் இங்கிலாந்திலே டிரையம்ப் என்னும் பெயரோடு வெளிவந்த இவ்வண்டிக்கு உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற ஈரிருக்கைப் பந்தய வண்டி, இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைத்ததேயாகும். நம் நாட்டில் 1961 முதல் ஹெரால்டு செய்யப்பட்டது. 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். ஏறத்தாழ 35 குதிரைத்திறன். இன்று ஒரு ஸ்கூட்டர்க்காரன் கேட்டாலும் சிரிக்கக்கூடிய வலிமைதான். ஆயினும் அயல்நாட்டு வண்டிகள் எளிதில் கிட்டாத அக்காலத்தில், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது அமைத்த விமானத் தளத்திலே நடந்த பந்தயங்களில் இளைஞர் ஓட்டியவை இத்தகைய வீட்டு வண்டிகளே. ஹெரால்டையும் பியட்டையும் அறுத்தும் ஒட்டியும் இளைக்கச் செய்தும் ஓடவிட்டனர். எம் பெரியப்பா அப்பந்தயங்களைப் பார்க்கவென்றே ரயிலேறிச் சென்று வந்தவர். வண்டியும் அவர் வழியாகவே எமக்கு வந்தது.

பல்லாண்டு அது நெற்களத்தை அடுத்த கொட்டகையில் கோணி மூடிக் கிடந்தது. கடையநல்லூரிலுள்ள மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரின் துணையால் அதனை எழுப்பினோம். முன்மூடியும் இரு பக்கத்து மட்கார்டுகளும் ஒன்றாய் முன்னோக்கித் திறந்துவிடுமாதலின், டயரின்மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை முழுதும் பார்க்கலாம். இந்த வசதியை அண்ணாச்சி நாள்தோறும் புகழாமல் இருந்ததில்லை. எஞ்சினுக்கு இரட்டைக் கார்புரேட்டர் பூட்டினோம். அதை மட்டும் அவர் குறைவாகவே மதித்தார். “தம்பி, ஓடுறது பெருசில்லை. நிக்கணும், திரும்பணும். துட்டை அதுல போடுங்க” என்றார். ஆகவே செலவின் பெரும்பங்கு வண்டியின் கீழ்ப்பாகத்துக்கே சென்றது. முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கை எடுத்து டிஸ்க் பிரேக் வைத்தோம். 13 அங்குல ரேடியல் டயர்கள் வாங்கினோம். அடிச்சட்டத்தோடு சேர்த்து சீட் பெல்ட்டுகளை முடுக்கினோம். பின்ஸ்பிரிங்கைச் சங்கரன்கோயிலிலே லாரிகளுக்குப் பட்டை வேலை செய்யும் பட்டறை ஒன்றில் கொடுத்து வளைவைக் குறைத்து வாங்கினோம். அதனால் வண்டியின் பின்புறம் இரண்டு அங்குலம் தாழ்ந்தது. பின்சக்கரங்கள் மேற்புறம் உள்ளே சாய்ந்து நின்றன. ஊரார் பார்த்துப் பாரம் தாங்காமல் அச்சு வளைந்துவிட்டதென்று இரங்கினர்.

அச்சாய்வின் காரணத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும்; பௌதிக வகுப்பு மாணவர் ஆவலோடும் ஏனையோர் பொறுமையோடும் கேட்பாராக. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒரே நேர் அச்சில் கோத்தவையல்ல. நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் இருபுறமும் கீல் வைத்ததுபோல் மேலும் கீழும் அசையும் இரு கைகளின் நுனியில் அவை ஆடுகின்றன. ஊசலச்சு என்று இதனைச் சொல்லலாம். அக்காலத்து வோக்ஸ்வாகனிலும் அமெரிக்கச் செவர்லே கார்வேரிலும் இவ்வகை அச்சே இருந்தது. மேடுபள்ளங்களில் இதன் சுகம் பெரிது. ஆனால் வளைவில் விரைந்து செல்லுகையில் ஓட்டுபவன் திடுக்கிட்டு ஆக்ஸிலரேட்டரினின்று காலை எடுத்தானாயின், பாரம் முன்னே சாயும், பின்புறம் எழும், எழவே சக்கரங்கள், தூக்கிய கோழியின் கால்களைப்போலக் கீழ்ப்புறம் உள்வாங்கி, டயரின் விளிம்பு மாத்திரமே தரையைத் தொடும். அப்பொழுது வால் தலையை முந்தப் பார்க்கும். ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயம் கார்வேரின் இவ்வியல்பைப் பற்றியதே. 1970-இல் வந்த நான்காம் வரிசை ஸ்பிட்ஃபயரில் ஸ்பிரிங்கின் பட்டைகளை நடுவில் அசையும்படி விட்டு இதனைப் பெரிதும் தணித்தார்கள். எம்மிடம் அந்த ஸ்பிரிங் இல்லை. சங்கரன்கோயில் ஸ்பிரிங்கே உண்டு.

நிற்க. மருமகனுக்குப் பதினெட்டு நிரம்பி லைசென்சும் வந்தது. ஆனி பிறந்தால் தோழர் மூவரை ஏற்றிக்கொண்டு குற்றாலம் போவதென்று அவன் தீர்மானித்திருந்தான். அவன் தந்தையார் வளைகுடா நாட்டில் வேலையிலிருப்பவர். ஆகவே தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு எம் தங்கையின்மேல் விழுந்தது. அவள் வண்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு, “அண்ணே, ஒண்ணு அந்த வண்டிய வித்துப்போடு. இல்லைன்னா இவனுக்கு மழையில ஓட்டச் சொல்லிக்குடு. ரெண்டுல ஒண்ணு நடக்காம சாவி வெளிய வராது” என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எம் பக்கத்துச் சாரலை அறியாதார்க்கு அது விளங்காது. கொட்டும் மழை சாலையைக் கழுவிவிடும். சாரலோ கழுவுவதில்லை, பொழுதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் நனைத்து, தாரின்மேல் படிந்துள்ள எண்ணெயையும் புழுதியையும் ரப்பர்த் தூளையும் குழைத்துப் பூசிவைக்கும். மலையடிவாரத்தில் தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் இடையே அச்சாலையில் வழுக்கி விழாத சைக்கிள்காரர் அரியர். அதிலே பிடிப்பு எங்கே முடிகிறதென்று கற்றுக்கொள்ள வேண்டுமானால், அந்த எல்லையைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். சாலையில் தாண்டினால் எதிரே பஸ் வரும்; பக்கத்தில் புளியமரம் நிற்கும். பந்தயத் தடத்தில் அவ்விரண்டும் இல்லை.

இக்காரணத்தால்தான் கோயம்புத்தூருக்கு அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வேக்குச் சென்றோம். 2003-இல் திறந்த அத்தடம் 2.1 கிலோமீட்டர் நீளமுடையது. 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்த கரிவர்தனின் பெயரைத் தாங்குவது. அவர் பந்தயம் ஓட்டியதோடு நில்லாமல், மாருதி 800 வண்டியின் எஞ்சினைக்கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைத் தாமே அமைத்து, எளிய செலவில் இளைஞர் ஏறிப் பழக வழி செய்தவர். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதல் இந்தியராகக் கலந்துகொண்ட நாராயண் கார்த்திகேயனும் கோவையைச் சேர்ந்தவரே. அத்தகைய மண்ணில் எம் ஹெரால்டு இறங்கியபோது, பக்கத்தில் நின்ற புதுவண்டிக்காரர் சிலர் அதனோடு நின்று படம் எடுத்துக்கொண்டனர். மருமகனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி மாதம். விடியுமுன்பே தூறல் தொடங்கி, ஓட்டுநர்களுக்கு விதிகளைச் சொல்லி முடிப்பதற்குள் நல்ல மழையாயிற்று. மஞ்சள் கொடி கண்டால் மெல்லச் செல்க, முந்தற்க. சிவப்புக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தித் திரும்புக. நீலம் கண்டால் பின்னால் வருபவர்க்கு வழி விடுக. இவை போதுமானவை. வந்தவருள் ஒரு பகுதியார் வண்டிகளை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கச் சென்றனர். எமக்கோ வேண்டியது கிடைத்துவிட்டது. வைப்பர்களை நம்பாத அண்ணாச்சி பீடிப் புகையிலையைக் கிள்ளி ஈரக் கண்ணாடியில் தேய்த்துவிட்டார். நீர் முத்துமுத்தாய் நில்லாமல் படர்ந்து வழிந்தது. லாரிக்காரர்களின் பழைய வித்தை இது.

முதலில் யாம் ஓட்டினோம். ஈரத் தடத்தின் முதற்பாடம் வழி மாறுவதே. வெயில் நாளில் எல்லாரும் செல்லும் தடத்தில் டயர் ரப்பர் தேய்ந்து படிந்து வழவழத்திருக்கும். உலர்ந்தபோது அது பிடிக்கும், நனைந்தபோது கைவிடும். ஆதலின் வளைவுகளில் வழக்கமான பாதையை விட்டுச் சொரசொரப்பான வெளிப்புறத்தைத் தேடிச் செல்ல வேண்டும். ஓரத்துச் சாயக் கற்களைத் தொடவே கூடாது. இரண்டாவது, கணக்கு. 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்க. உலர்ந்த தாரின் உராய்வெண் 0.8 என்றால் அதனை மணிக்கு 55 கிலோமீட்டர் வரையில் கடக்கலாம். மழையில் அவ்வெண் 0.4 ஆகக் குறைந்தால் வேகம் பாதியாவதில்லை. 39 வரையில் கடக்கலாம். வர்க்கமூலம் நமக்குச் செய்யும் உபகாரம் அது. ஆனால் அதே வேகத்தில் வண்டியை நிறுத்த வேண்டிய தூரம் இரட்டிக்கிறது. அங்கே உபகாரம் ஏதுமில்லை. இரட்டைக் கார்புரேட்டரின் வலிமையும் அன்று பயன்படவில்லை. வளைவு முடியுமுன் அழுத்தினால் பின்சக்கரம் சுழன்றதேயன்றி வண்டி முன்செல்லவில்லை. அண்ணாச்சி இதனைக் கவனித்துக்கொண்டே இருந்தார். வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை என்பது அவர் பெருந்தன்மை.

பின்பு மருமகன் ஏறினான். உடன் ஒருவர் ஹெல்மெட் அணிந்து அமர இடங்கொடுத்தமையால் யாம் பக்கத்தில் இருந்தோம். இரண்டு சுற்று மெல்லச் சென்றான். மூன்றாவதில் தைரியம் வந்தது. ஒரு வலப்புற வளைவில் 45 கிலோமீட்டருக்குச் சற்று மேலாக நுழைந்தான். முன்சக்கரங்கள் இலேசாக வெளியே நகர்ந்தன, அவ்வளவுதான். அப்படியே பிடித்திருந்தால் வண்டி தானே தணிந்திருக்கும். அவனோ எல்லாரும் செய்வதையே செய்தான். காலை எடுத்தான். இருக்கையின் கீழே யாரோ கம்பளத்தை இழுத்ததுபோல் இருந்தது. தடம் கண்ணாடியில் வலமிருந்து இடமாக ஓடிற்று. பிறகு புல் ஓடிற்று. பிறகு நாங்கள் வந்த வழியையே நோக்கிக்கொண்டு, எஞ்சின் நின்று, சேற்றில் அமர்ந்திருந்தோம். ஹெல்மெட்டின்மேல் மழை விழும் ஓசை மட்டும் கேட்டது. தூரத்தில் மஞ்சள் கொடி அசைந்தது.

முதலில் சிரித்தான். பின் சிரிப்பு நின்றது. “மாமா, நான் பிரேக் கூட அழுத்தலியே. காலைத்தானே எடுத்தேன்?” என்றான். ஆம் என்றோம். சிறிது நேரம் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்து, “இங்க ஒரு மரம் நின்னிருந்தா?” என்று தானே கேட்டுக்கொண்டான். யாம் விடை சொல்லவில்லை. ஊசலச்சைப் பற்றி அவனுக்கு வீட்டிலே படம் போட்டு விளக்கியிருந்தோம், அவனும் தலையசைத்திருந்தான். அஞ்சினால் காலை எடு என்று உடம்பு சொல்வதும், எடுக்காதே என்று அறிவு சொல்வதும் ஒரே கணத்தில் வரும்போது எது வெல்லும் என்பதைப் படம் காட்டாது.

வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து அடியைச் சோதித்துச் சேற்றைக் கழுவியபின், மீண்டும் அவனையே ஏற்றினோம். இம்முறை வேகம் பேச்சில்லை. வளைவு வருமுன் நேர்ச்சாலையிலேயே பிரேக்கை அழுத்தி முடிப்பது. பிரேக்கை விட்டபின் ஸ்டியரிங்கைத் திருப்புவது. வளைவு முடியும்வரை ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில், காலடியில் முட்டை இருப்பதாக எண்ணிப் பிடித்திருப்பது. வால் நகர்ந்தால் காலை எடாமல், வால் செல்லும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, கண்ணைச் செல்லவேண்டிய இடத்தில் வைப்பது. மதியத்துக்குள் அவ்வளைவிலேயே வால் ஐந்தாறு தடவை நகர்ந்தது; ஐந்தாறு தடவையும் அவன் அதனை மீட்டான். கடைசி முறை எம்மோடு பேசிக்கொண்டே மீட்டான். அதன்பின் யாம் இறங்கிக்கொண்டு அண்ணாச்சியை ஏற்றிவிட்டோம்.

நேர்ச்சாலையில் நீர் தேங்கியிருந்த ஓரிடம் அவனை வேறொரு கேள்வி கேட்கச் செய்தது. நீரின்மேல் டயர் மிதந்துவிடுவது எந்த வேகத்தில்? நாசா ஆராய்ச்சியாளர் 1960களில் விமானச் சக்கரங்களுக்கென்று கண்ட கணக்கு ஒன்று உண்டு. டயரின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டோ, அதன் வர்க்கமூலத்தைப் பத்தேகாலோடு சற்றே கூட்டிப் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல் என வரும். 25 பவுண்டுக்கு 52 மைல். அதாவது 83 கிலோமீட்டர். டயரின் பள்ளங்கள் ஆழமாக இருந்து நீர் மெல்லியதாக இருந்தால் அவ்வளவு விரைவில் மிதக்காது. வழுக்கையான டயரில் மிதந்துவிடும். அவன் அன்றே குனிந்து தன் தோழன் மோட்டார் சைக்கிளின் டயரை நினைத்துக்கொண்டு விரலால் எம் டயரின் பள்ளங்களை அளந்து பார்த்தான்.

மறுநாள் ஊர் திரும்பினோம். 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. ராஜபாளையம் கடந்தபின் மேற்கே மலை தெரியாதபடி மழை மூடிக்கொண்டது. புளியங்குடிக்கு இப்பால், வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னே 40 கிலோமீட்டர் வேகத்தில் வெகுநேரம் வந்தான். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் வழி விட்டான். எமக்கே சற்றுப் பொறுமை குறைந்தது. பின் இருக்கையில் அண்ணாச்சி உறங்கிவிட்டார்.

தங்கை வாசலில் நின்று முதலில் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பின்பு மகனைப் பார்த்தாள். “எப்படி ஓட்டினான்?” என்று அண்ணாச்சியைக் கேட்டாள். “ஒரு தடவை சுத்தினான் தாயி. நல்லதாப் போச்சு” என்றார் அவர். அவள் அதற்கு முகம் கோணினாளாயினும், இவ்வாண்டு ஆனியில் சாவி பானையினின்று வெளியே வந்தது. தோழர் மூவருக்குப் பதிலாக இருவரே செல்லலாம், பின்டயர்கள் இரண்டும் புதிதாக இருக்கவேண்டும் என்ற இரு நிபந்தனைகள் உண்டு. டயர்களுக்கு யாமே பணம் கொடுத்தோம். சங்கரன்கோயில் ஸ்பிரிங்கில் இன்னும் ஒரு பட்டையைக் குறைக்கலாமா என்று அண்ணாச்சியும் மருமகனும் இப்பொழுது வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர்.