ஏரிக்கரைச் சிட்டம் எந்தக் காலத்தது?

ஜெயங்கொண்டம் பக்கத்துக் கொல்லுப்பட்டறை ஒன்றில், பள்ளி ஆசிரியரான நண்பர் ஏரிக்கரையில் பொறுக்கிய கறுப்புக் கட்டிகளைக் கொட்டினார். எல்லாம் சோழர் காலத்து இரும்புச் சிட்டம், அதாவது கசடு, என்பது அவர் நம்பிக்கை. ஆசைப்படக் காரணமும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரம் அருகில்தான். அதை ஒட்டி ஆயுதக்களம் என்றே ஓர் ஊர். அங்குள்ள மாளிகைமேட்டு அகழாய்வில் கூரை ஓடுகளோடு இரும்பு ஆணிகளும் கிடைத்திருக்கின்றன.

பட்டறை ஆசாரி ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திக் கனம் பார்த்தார். ஒன்றை உடனே தள்ளினார். "இது உலையையே பாக்கலை தம்பி, செம்பாறாங்கல்லு." நுரைத்து லேசாக இருந்தது செங்கல் சூளையில் உருகிய மண். சாம்பல் நிற உருண்டைகள் சிமென்ட் ஆலைக் கிளிங்கர். அரியலூரில் அதற்கா பஞ்சம்!

அடி குவிந்து மேல் குழிந்த ஒரு கட்டியைக் கண்டதும் எழுந்துபோய், தன் உலைக்குழியிலிருந்து அதே வடிவில் ஒன்றைப் பெயர்த்து வந்தார். காய்ச்சி அடிக்கும் இரும்பின் கசடு, கரிச்சாம்பலோடு உருகி, துருத்திக் காற்றுப் படும் இடத்துக்குக் கீழே இப்படித் தங்குமாம். காகிதத்தில் சுற்றிய காந்தத்தைப் பட்டறைக்கல்லைச் சுற்றித் தரையில் இழுத்தேன். மெல்லிய இரும்புச் செதில்கள் அப்பிக்கொண்டன. சம்மட்டி அடியில் தெறித்தவை. ஏரிக்கரை மண்ணிலும் இவை கிடைத்தால், அங்கே பட்டறை இருந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கடைசிக் கட்டி வேறு. மெழுகு வழிந்து உறைந்தது போல அடுக்கடுக்கான ஓட்டம். தாதுவை உருக்கும்போது உலையிலிருந்து வடித்துவிட்ட கசடு அப்படித்தான் இருக்கும். ஆசாரி அதை வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். தாது உருக்குவது அவருக்குப் பழக்கமில்லை; அவர் தாத்தா காலத்திலேயே இரும்பைக் கடையில்தான் வாங்கினார்களாம்.

தொழிலை வடிவம் சொல்லிவிடுகிறது, காலத்தைச் சொல்வதில்லை. ஆசாரியின் குழியில் கிடந்ததும் ஏரிக்கரையில் கிடந்ததும் பார்வைக்கு ஒன்றே. மண்டூரம் என்ற மருந்தைச் செய்ய நூறாண்டுச் சிட்டமே உத்தமம் என்பது பழைய மருத்துவ மரபு. அந்த நூறாண்டையும் கண்ணால் அளக்க முடியாது. கசடுக்குள் சிக்கிய கரித்துண்டைக் கார்பன் முறையிலும், சுட்ட உலைச்சுவர் மண்ணை வெப்ப ஒளிர்வு முறையிலும் கணிக்கலாம். அவற்றோடு கிடைக்கும் பானை ஓடும் காலத்தைச் சொல்லும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையின் இரும்புக்கு கி.மு. 2172 என்ற காலம், அகழ்ந்த மண்ணடுக்கில் கிடைத்த கரியை வைத்துத்தான் கணிக்கப்பட்டு, 2022இல் அறிவிக்கப்பட்டது. இடத்தைவிட்டு எடுத்த கட்டி பாதிச் சாட்சியத்தை இழந்துவிடுகிறது. நண்பரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

கண்ணை மட்டும் நம்பி ஏமாந்தது நண்பர் மட்டுமல்ல. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாக ஊரே திரண்டது. வல்லுநர்கள் வந்து பார்த்து, அவை கடல் படிவ உருண்டைகள் என்றார்கள். முட்டை இல்லை என்றாலும், அந்த மண் ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததற்கு அவையும் சாட்சிதான்.

ஆகவே கசடு கண்ணில் பட்டால் பொறுக்காதீர்கள், உடைக்காதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள்; இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். ஏரி தூர்வாரும் இயந்திரம் வருவதற்குள் தெரிவியுங்கள்.