அடைப்புக்குறிக்குள் ஐந்து

டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவர்கள் நான்கு பேர். நான்கு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் மூவரும் சென்னை. விஷ்ணு சரவணன் வேலூர். நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று நாம் கேலி பேசுவோமே, அதே வேலூர்.

இதை ராஜபாளையத்தில் சொன்னால் டீக்கடையில் ஒரு நிமிஷம் அமைதியாகிவிடும். எங்களுக்குக் கடல் என்றால் தூத்துக்குடி, பஸ்ஸில் மூணு மணி நேரம். தண்ணீர் என்றால் கண்மாய், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் மழை ஒழுங்காகப் பெய்தால். காற்றுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஆடி பிறந்தால் மேற்கு மலையைத் தாண்டி இறங்கும் காற்று, மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போடும். டோக்கியோவில் அந்த நான்கு பேர் படகு ஓட்டியதும் நமக்கு ஆடி மாதம்தான்.

நான் கோட் எழுதிப் பிழைப்பவன். அதனால் இந்த விளையாட்டில் என்னை முதலில் இழுத்தது படகு அல்ல, அதன் மதிப்பெண் முறை. முதலில் வந்தவருக்கு 1 புள்ளி, இரண்டாவது வந்தவருக்கு 2, இருபதாவது வந்தவருக்கு 20. யாருக்குக் குறைவோ அவர் முன்னால். ஒரே பந்தயத்தில் எதுவும் முடிவாகாது. ஒலிம்பிக்கில் தனியாள் படகுக்குப் பத்துப் பந்தயங்கள் திட்டமிடுவார்கள், காற்று ஒத்துழைத்தால். கடைசியில் ஒரு வேலை செய்வார்கள்: ஒவ்வொருவருடைய மிக மோசமான பந்தயத்தையும் கழித்துவிடுவார்கள். பாய் கிழிந்ததா, கவிழ்ந்தாயா, காற்று உன்னை மட்டும் ஏமாற்றியதா, பரவாயில்லை, அந்த ஒரு நாள் கணக்கில் இல்லை. அதன்பிறகு முதல் பத்துப் பேர் மட்டும் பதக்கப் பந்தயத்துக்குப் போவார்கள். அதில் புள்ளிகள் இரட்டிப்பு. அதைக் கழிக்க முடியாது.

பத்தாவது, பன்னிரண்டாவது என்று ஒவ்வொரு மார்க்கும் ஜாதகம் மாதிரி கூடவே வரும் ஊரில் வளர்ந்தவனுக்கு, 'மோசமான ஒரு நாளைக் கழித்துக்கொள்' என்று விதியிலேயே எழுதிவைத்த விளையாட்டு விசித்திரமாகத்தான் தெரியும். இந்தத் தாராளம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கத்தான் இதன் சரித்திரத்துக்குள் போனேன்.

அங்கே முதலில் கண்ணில் பட்டது காசு. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே பாய்மரப் போட்டி நடக்க வேண்டியது; வானிலை சரியில்லை என்று கைவிட்டார்கள். 1900இல் பாரிஸ். சின்னப் படகுகள் செய்ன் நதியில், பெரிய படகுகள் ல ஹாவ்ர் துறைமுகத்தில். படகுகளை டன் அளவில் வகுப்பு பிரித்து ஓட்டினார்கள். பரிசாகப் பணமும் கொடுத்தார்கள். சொந்தப் படகு வைத்திருப்பவர்தான் வீரர். அந்த ஆண்டு வென்ற 'லெரினா' என்ற சுவிஸ் படகில் உரிமையாளரோடு அவர் மனைவி எலென் த போர்தலேவும் இருந்தார். ஒலிம்பிக்கில் வென்ற முதல் பெண் அவர்தான். 1928இல் நார்வேயின் இளவரசர் ஓலாவ் தங்கம் வாங்கினார், 1960இல் கிரேக்க இளவரசர் கான்ஸ்டன்டைன். நம் பக்கம் 1967 தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் தாய்லாந்து மன்னர் பூமிபோலும் அவர் மகளும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். மன்னர் ஓட்டியது அவரே தன் கையால் கட்டிய படகு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு ஓடை இதற்கு எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது. 1924 ஒலிம்பிக்கில் ஒரே வடிவத்தில் கட்டிய சிறு படகுகளில், ஆளுக்கொரு படகாக ஓட்டும் போட்டி வந்தது. டென்மார்க்கின் பால் எல்ஸ்ட்ரோம் 1948 முதல் 1960 வரை தொடர்ந்து நான்கு தங்கம் எடுத்தது இந்தத் தனியாள் படகில்தான். 1970 வாக்கில் கனடாக்காரர் புரூஸ் கிர்பி வரைந்த 'லேசர்' வந்தது. நீளம் 4.23 மீட்டர், ஒரே ஆள், ஒரே பாய். 1996இல் ஒலிம்பிக்குக்குள் வந்தது. இப்போது அதன் பெயர் ஐ.எல்.சி.ஏ. ஒலிம்பிக்கில் இந்தப் படகைப் போட்டி நடத்துபவர்களே கொடுத்துவிடுகிறார்கள். பணக்காரன் படகு, ஏழை படகு என்று தண்ணீரில் வித்தியாசம் கிடையாது. பெண்களுக்கென்று தனிப் போட்டி வர மட்டும் 1988 ஆயிற்று.

காசு வாங்கக்கூடிய வேகத்தை நூறு வருஷமாக ஒவ்வொன்றாகத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். படகு சமம், பாய் சமம், மோசமான ஒரு நாள் எல்லாருக்கும் தள்ளுபடி. மிச்சம் இருப்பது கரை.

என் அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மச்சான் நூற்பாலை ஒன்றில் ஃபிட்டர். அவர்கள் மகள் இப்போது ஏழாம் வகுப்பு. 2023 புரட்டாசியில் ஆசிய விளையாட்டை என் போனில் பார்த்துக்கொண்டிருந்தவள், "மாமா, அந்தப் படகு ஏன் நேரா போகாம இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது?" என்றாள். காற்று வரும் திசைக்கு நேர் எதிராக எந்தப் பாய்மரமும் போக முடியாது. ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை விலகி இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று ஏறித்தான் போக வேண்டும் என்றேன். "அப்ப தூரம் ஜாஸ்தியாகுமே?" ஆகும். எந்தப் பக்கம் எப்போது திரும்புவது என்பதில்தான் பந்தயமே இருக்கிறது. நெருப்பு அங்கேயே பற்றிக்கொண்டது. அடுத்த மே மாதம் சென்னையில் என் வீட்டில் தங்கி, பத்து நாள் கோடைப் பயிற்சிக்குப் போனாள்.

குழந்தைகளுக்குக் கொடுப்பது 'ஆப்டிமிஸ்ட்'. ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் 1947இல் ஒட்டுப்பலகையில் வரைந்த, குளிக்கும் தொட்டி மாதிரி மூக்கு மழுங்கிய படகு. மூன்றாம் நாள் மச்சானும் வந்தார். பார்த்ததும் பாயைத்தான் கையில் பிடித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "பாலியஸ்டர், மாப்ள." ஆமாம். 1950களில் டேக்ரான் வரும்வரை பந்தயப் பாய்கள் பருத்திதான் என்றேன். "அப்ப நம்ம சரக்கு," என்று சிரித்தார். பிள்ளை இரண்டு முறை கவிழ்ந்தாள். இரண்டு முறையும் தானே நிமிர்த்தி ஏறினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எழும்பூரில் ரயில் ஏறும்போதுதான் பேசினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு மெட்ராஸ்ல இருக்கணும், வருசம் பூரா வெளியூர் போகணும், படிப்பு பாதில நிக்கும். ஒரு வருசம் போச்சுன்னா நமக்குப் போச்சு மாப்ள. ரெண்டாவது ரவுண்டு கிடையாது."

அவர் கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை. தண்ணீரில் எல்லாருக்கும் ஒரு பந்தயம் தள்ளுபடி உண்டு. கரையில் யாருக்கு உண்டு?

இந்தக் கேள்வியோடு பார்த்தால் நம் வீரர்களின் கதை வேறு மாதிரி தெரிகிறது. மெட்ராஸ் துறைமுகத்தில் 1911இல் யாட் கிளப்பைத் தொடங்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், துறைமுகப் பொறுப்புக்கழகத் தலைவர். அடுத்த வருஷம் அவர் அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதில் கோட்டை விட்டு கல்லூரிப் படிப்பைப் பறிகொடுத்த சீனிவாச ராமானுஜன். அந்த மோசமான வருஷங்களைத் தள்ளுபடி செய்ய ஒரு வேலையும் சில மனிதர்களும் தேவைப்பட்டார்கள். ஸ்பிரிங் அவர்களில் ஒருவர்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1972இல்தான் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்கு இந்தியா போனது, சோலி கான்ட்ராக்டரும் ஏ.ஏ. பாஸித்தும். 1982 டெல்லி ஆசியப் போட்டியின் படகுகள் டெல்லியில் எப்படி ஓடும்? பம்பாயில் ஓட்டினார்கள். அங்கே ஃபரூக் தாராபூரும் சரீர் கரஞ்சியாவும் 'ஃபயர்பால்' வகையில் தங்கம் எடுத்தார்கள். தாராபூர் பிறகு 1984, 1988, 1992 என மூன்று ஒலிம்பிக்குகள் போனார். டோக்கியோவுக்கு முன்னால் எந்த ஒலிம்பிக்கிலும் நாம் ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் இறங்கியதில்லை.

நேத்ரா 2009இல் சென்னையில் ஒரு கோடைப் பயிற்சியில் தொடங்கியவர். பரதநாட்டியம், பொறியியல் படிப்பு எல்லாவற்றோடும் இதையும் இழுத்துக்கொண்டு போனார். 2021 ஏப்ரலில் ஓமனில் தகுதி பெற்றபோது, ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குப் போகும் முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் 35ஆவது இடம், பாரிஸ் ஒலிம்பிக்கில் 21. விஷ்ணுவின் அப்பா ராணுவத்தில் இருந்தவர், மகனும் ராணுவம், பயிற்சி மும்பையில் ராணுவத்தின் பாய்மர மையத்தில். டோக்கியோவில் 20, 2023இல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம், பாரிஸில் 18. நேத்ராவுக்குத் துணையாக நின்றது குடும்பம். விஷ்ணுவுக்குச் சம்பளமும் சீருடையும். பந்தயம் தோற்றாலும் முதல் தேதி வாழ்க்கை தோற்காது. மச்சான் கேட்ட ரெண்டாவது ரவுண்டு இதுதான்.

குடும்பமும் சீருடையும் இல்லாதவர்களுக்கு? அதே ஹாங்சோ போட்டியில் ஐ.எல்.சி.ஏ-4 பெண்கள் பிரிவில் வெள்ளி வென்றவர் நேஹா தாக்கூர். மத்தியப் பிரதேசம் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள், பதினேழு வயது. அந்த மாநிலத்துக்குக் கடலே கிடையாது. போபாலில் ஒரு பெரிய ஏரி உண்டு, ராஜா போஜ் காலத்தில் வெட்டியது என்பார்கள். நம்ம பாஷையில் சொன்னால் கண்மாய். அங்கே நேஷனல் செய்லிங் ஸ்கூல் இருக்கிறது. அங்கேதான் கற்றார். அதே 2023 புரட்டாசியில் என் மருமகள் போனில் பார்த்தது இந்தப் பெண்ணைத்தான்.

சென்ற மாதம் மச்சானுக்கு நேஹாவைப் பற்றி அனுப்பினேன். ஷிப்ட் முடிந்து இரவு போன் செய்தார். கேட்டது இரண்டே கேள்வி: "ஹாஸ்டல் உண்டாமா? ஸ்கூல் பக்கத்துலயா?" காற்றைப் பற்றியோ கடலைப் பற்றியோ கேட்கவில்லை. சரியான கேள்விகள் அவைதான் என்று நினைக்கிறேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் கண்மாய்கள் உண்டு, ஆடிக் காற்றும் உண்டு. இல்லாதது அந்த இரண்டு கேள்விக்குப் பதில்.

பாய்மரப் போட்டி முடிவுப் பட்டியலில் கழித்த பந்தயத்தை அழிக்க மாட்டார்கள். அடைப்புக்குறி போட்டு அப்படியே வைத்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நேஹா ஓட்டியது பதினோரு பந்தயங்கள், மொத்தம் 32 புள்ளிகள். அவருடைய மோசமான பந்தயம் ஐந்தாவது இடம். அதைக் கழித்தால் 27. மூன்றாவது வந்த சிங்கப்பூர்ப் பெண்ணுக்குக் கழித்தபின் 28.