விசில் அடித்த தம்பி

எங்கள் திருப்பருத்திக்குன்றத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் என்றால் கிணற்று நீச்சல்தான். வேகவதி ஆறு பக்கத்திலேயே இருக்கிறது, பெயருக்கு! என் மூத்த பையன் பம்புசெட் கிணற்றில் குதித்துக் குதித்தே நீந்தக் கற்றுக்கொண்டவன். "அடிமட்டம் வரைக்கும் போய் மண்ணை அள்ளிட்டு வருவேன்மா" என்று பீற்றிக்கொள்வான். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமை ஒரு நாள் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே!

மூன்று வருஷங்களுக்கு முன் மே மாத லீவில், நாத்தனார் குடும்பத்தோடு வேன் வைத்துக்கொண்டு கோவளம் போனோம். கோவளம் முன்பு எங்கள் ஜில்லாதான். 2019-ல் செங்கல்பட்டு தனி ஜில்லா ஆனபோது கடலையும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள்!

குளிப்பதற்கென்று குறித்திருந்த இடத்தில் ஒரே கூட்டம். அலையும் புரண்டு புரண்டு வந்தது. கொஞ்சம் தள்ளி ஓரிடத்தில் அலையே இல்லாமல் தண்ணீர் சாதுவாகக் கிடந்தது. "அங்கே போய் ஆடுங்கடா" என்று பிள்ளைகளை அனுப்பியதே நான்தான். உடனே விசில் சத்தம். லைஃப் கார்டு தம்பி ஒருவர் ஓடி வந்தார்.

"அம்மா, அங்க இறங்க விடாதீங்க. இழுத்துடும்."

"அலையே இல்லையேப்பா! அவனுக்கு நீச்சலும் தெரியும்" என்றேன், சற்று வெடுக்கென்றே.

அவர் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுப் போனார். அந்தப் பக்கம் திரும்பியதும் என் பையன் மறுபடி இறங்கினான். பார்த்தேன். பார்த்தும் கூப்பிடவில்லை.

புளியோதரைத் தூக்கைத் திறந்து இலை போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அவன் தலை எங்கோ தூரத்தில் தெரிகிறது. சத்தம் கித்தம் ஒன்றுமில்லை. மூழ்குகிறவர்கள் 'காப்பாத்துங்க' என்று கத்துவது சினிமாவில்தானாம். மூச்சு விடவே வாய் போதாதபோது கத்துவது எப்படி? இளம் தாய்மார்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று கரையில் உட்கார்ந்து கதை பேசக் கூடாது.

நான் எழுந்திருப்பதற்குள் அந்தத் தம்பி சிவப்பு மிதவையோடு தண்ணீரில் பாய்ந்துவிட்டார். பையனைப் பிடித்தவர் நேராகக் கரைக்கு வரவில்லை. பக்கவாட்டில் நீந்திப் போனார். "ஐயோ, எங்கே கொண்டு போறார்?" என்று நான் அலறினேன். அலை புரளும் இடத்துக்குப் போய், அலையோடு அலையாகக் கரை சேர்த்தார்.

நாத்தனார் வீட்டுக்காரர் பையனின் வயிற்றை அமுக்கப் போனார். தம்பி கையைத் தட்டிவிட்டார். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலை அடைத்துவிடுமாம். மூச்சு இருந்ததால் பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். மூச்சு நின்றிருந்தால், வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டுமாம். அதற்கும் பயிற்சி உண்டு. பையன் உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தான். "நல்லா ஆயிட்டான்னு வீட்டுக்குக் கூட்டிப் போயிடாதீங்க. நுரையீரல்ல தண்ணி போயிருந்தா ராத்திரிகூடத் திணறும்" என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்துக் கணவரோடு போய் அவரைப் பார்த்தேன். பணத்தை வாங்க மறுத்துவிட்டார். மீனவர் வீட்டுப் பிள்ளை. அவர் சொன்னது என் வீட்டு முற்றத்தை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. முற்றத்தில் குடம் குடமாகக் கொட்டும் தண்ணீர் முழுவதும் தூம்பு வழியாக விர்ரென்று ஓடுகிறதல்லவா? அதுபோல, அலைகள் கரையில் கொட்டும் தண்ணீர், மணல்திட்டின் இடைவெளி வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. அந்த இடத்தில்தான் அலை உடையாது, பார்வைக்குச் சாது! அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டு போகிறது. எதிர்த்து நீந்தினால் எப்பேர்ப்பட்டவனும் களைத்துவிடுவான். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும், அல்லது கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். கிணற்றில் இதை யார் கற்றுத் தருவார்கள்?

பிறகு இதைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்து பாண்டை கடற்கரையில், 1907-லேயே உயிர்காக்கும் சங்கம் இருந்திருக்கிறது. நம் நூல் சுற்றும் ராட்டினம் போலப் பெரிய உருளையில் கயிற்றைச் சுற்றி வைத்திருப்பார்களாம். ஒருவர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்திப் போவார், கரையிலிருப்பவர்கள் சுற்றி இழுப்பார்கள். 1938 பிப்ரவரி 6 அன்று, ஞாயிற்றுக்கிழமை, பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து நூற்றுக்கணக்கானவர்களை இழுத்துக்கொண்டு போயின. அத்தனை பேரில் இறந்தவர்கள் 5 பேர்தான்! படித்தபோது கை நடுங்கியது.

நம் கரையிலோ சங்கம், சம்பளம் எதுவும் இல்லாத காலத்திலேயே மீனவர்கள் வலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஆளைத் தூக்கி வந்திருக்கிறார்கள். அதை யார் எழுதி வைத்தார்கள்?

போன வருஷம் சென்னையில் ஒரு கல்யாணம். சாயந்திரம் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் போனோம். மணலில் வெள்ளை வளைவாக ஒரு மண்டபம் நிற்கிறதே, அது 1930 டிசம்பர் 30 அன்று பிறரைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவுச் சின்னம். பையன் அதன் அருகே வெகுநேரம் நின்றான். மீசை அரும்பிவிட்டது அவனுக்கு. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.

"தண்ணில கால் நனைக்கலையாடா?" என்றேன்.

"விசில் அடிக்கிற அண்ணன் எங்க நிக்கறார்னு பார்த்துட்டுப் போறேன்மா" என்றான்.