சாவி இருந்த இடம்

வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் பின்தெருவில், ஒரு வீட்டு மாடியில் நாங்கள் ஐந்து பேர் தங்கியிருந்தோம். ஐந்து பேருக்கு மூன்று பாய் போதும். ஷிப்ட் கணக்கில் யாராவது இரண்டு பேர் எப்போதும் கம்பெனியில்தான் இருப்பார்கள். விடிகாலையில் ஒரகடம் பக்கம் போகிற கம்பெனி பஸ்களின் ஹாரனும் கோவில் ஸ்பீக்கரும் ஒன்றாகக் கேட்கும். ஏழடி உயர முருகனைப் பார்க்க, கிருத்திகைக்கு எங்கெங்கிருந்தோ சனம் வரும். தெருவிலேயே குடியிருந்த நாங்கள் போனது குறைவு. நைட் ஷிப்ட் முடித்து வந்தவனுக்குச் சாமியைவிடத் தூக்கம் பெரிது.

மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, கார் கம்பெனிகளுக்குத் தகட்டில் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் சேஃப்டி அசிஸ்டென்டாகச் சேர்ந்திருந்தேன். பெயர் வேண்டாம். தினமும் காலையில் என் முதல் வேலை, கேட் பக்கத்துப் பலகையில் எண்ணை மாற்றுவது. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பச்சையில் எழுதியிருக்கும். முந்தைய நாள் எண்ணோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஆடிட் என்றால் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் செக்லிஸ்ட்டோடு வருவார்கள். தீயணைப்பு சிலிண்டரின் தேதி, எமர்ஜென்சி கதவுக்கு முன்னால் ஏதாவது கிடக்கிறதா, நடைபாதையின் மஞ்சள் கோடு, ஷூ, கண்ணாடி, பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நான் கேலி செய்யவில்லை, இதெல்லாம் தேவைதான். இந்தியத் தர நிர்ணய அமைப்பு சேஃப்டி ஆடிட்டுக்கென்றே ஐஎஸ் 14489 என்ற வழிகாட்டியை 1998-இல் வெளியிட்டு 2018-இல் திருத்தியிருக்கிறது. ஆனால் எங்களுக்கு ஆடிட் தேதி முன்கூட்டியே தெரியும். ஒரு வாரத்துக்கு முன்பே ஷாப் முழுக்க மஞ்சள் பெயின்ட் வாசனை அடிக்கத் தொடங்கிவிடும்.

இனி ஏழாம் நம்பர் பிரஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபரேட்டர் தகட்டைக் கையால் டையில் வைத்து, கால் பெடலை மிதித்து, அடித்த பாகத்தைக் கையால் எடுப்பார். அவருக்கும் டைக்கும் நடுவில் லைட் கர்ட்டன் இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு கம்பங்கள், நடுவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். கை குறுக்கே போனால் பிரஸ் இறங்காது. இறங்கிக்கொண்டிருந்தாலும் நின்றுவிடும். பழைய பின் கிளட்ச் பிரஸ்களில் இது உதவாது. அவை இறங்கத் தொடங்கினால் நடுவில் நிற்க வழியில்லை. எங்களுடையது காற்று கிளட்ச், நிற்கும்.

சிக்கல் எண்ணெய்ப் புகையில் வந்தது. கம்பத்தின் கண்ணாடியில் எண்ணெய் படிந்தால், கை போகாதபோதும் பிரஸ் நின்றுவிடும். ஒரு மணி நேரத்தில் பத்து தடவை நின்றால் டார்கெட் காலி. டை மாற்றும்போது செட்டர் கர்ட்டனை அணைத்துக்கொள்வதற்காகப் பேனலில் ஒரு சாவி உண்டு. அது சூப்பர்வைசர் பாக்கெட்டில் இருக்க வேண்டும். எங்கள் பிரஸ்ஸில் அது எப்போதும் பேனலிலேயே தொங்கும். ஆயுத பூஜைக்குக் கட்டிய மஞ்சள் கயிறுகூட அதில் அப்படியே இருந்தது.

பிப்ரவரியில் ஒரு இரவு ரவுண்ட்ஸ் போனபோது ஏழாம் நம்பரில் கம்பத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. நியர் மிஸ் பதிவேட்டில் எழுதினேன்: ‘பிரஸ் 7, லைட் கர்ட்டன் அணைக்கப்பட்டுள்ளது, சாவி பேனலில்.’ காலையில் மேனேஜர் கூப்பிட்டார்.

“என்ன தம்பி இது? ஆடிட் வர்ற வாரத்துல இப்படி எழுதி வச்சா, நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கிற மாதிரி ஆயிடாதா?”

“சார், லைட் நிஜமாவே எரியல சார்.”

“மெயின்டனன்ஸ்ல சொல்லிட்டேன்பா, பாத்துப்பாங்க. நீ அந்தப் பக்கத்த மட்டும் மாத்தி எழுதிடு.”

மாற்றி எழுதினேன். ‘தரையில் எண்ணெய்ச் சிந்தல். துடைக்கப்பட்டது.’ கீழே என் கையெழுத்து. என் கையைப் பிடித்து யாரும் எழுதவைக்கவில்லை. ப்ரொபேஷன் முடிய இரண்டு மாதம் இருந்தது, அக்கா கல்யாணக் கடன் இருந்தது. காரணங்கள் இருந்தன.

ஆடிட் அன்று கண்ணாடிகள் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தன. சாவி டிராயருக்குள் போயிருந்தது. நல்ல மார்க் வந்தது. எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். மறுநாள் சாவி பேனலுக்குத் திரும்பியிருந்தது. பார்த்தேன், எழுதவில்லை.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். அதற்குக் கட்டிய பேனரை இன்னும் அவிழ்க்கவில்லை. இரவு மூன்று மணிக்கு ஏழாம் நம்பரில் பாகம் ஒன்று டையில் சிக்கிக்கொண்டது. ஒடிசாவிலிருந்து கான்ட்ராக்ட்டில் வந்திருந்த பத்தொன்பது வயதுப் பையன் அதை எடுக்கக் கையை விட்டான். கால் பெடல் மேலேயே இருந்தது. இடது ஆள்காட்டி விரலின் நுனிக்கணு போனது. வேனில் நான்தான் கூடப் போனேன். அவன் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “சார், வேலை போகுமா?”

விபத்தில் காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றது, 2025 வரை அமலில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 88-ஆவது பிரிவு. அந்த நேரத்தைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் தந்திரம். மறுநாள் மாலையே அவனை வேனில் அழைத்துவந்து டைம் ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வலது கையால் பன்ச் அடித்துவிட்டு, கட்டுப்போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு ஷிப்ட் முடியும்வரை உட்கார்ந்திருந்தான். தந்திரம் செல்லுமா செல்லாதா என்பது யாராவது புகார் கொடுத்தால்தானே தெரியும்? பலகையில் எண்ணை நான் மாற்றினேன். 412.

உள் அறிக்கையில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று நிரப்பினேன். அதுதான் வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு இருப்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவின் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்த ஹெய்ன்ரிச், விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் தவறான செயலால் நடப்பதாக 1931-இல் எழுதினார். ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்கள், 300 காயமில்லாத சம்பவங்கள் என்ற முக்கோணமும் அவருடையதுதான். நியர் மிஸ் பதிவேடு என்ற பழக்கத்துக்கு அந்த 300-தான் ஆதாரம். அவர் ஆராய்ந்தவை காப்பீட்டுக் கோப்புகளும் ஆலைகளின் பதிவுகளும். அந்தப் பதிவுகளை எழுதியது யார்? பெரும்பாலும் சூப்பர்வைசர்கள். என்னைப் போல யாரோ ஒருவர் ‘கவனக்குறைவு’ என்று கட்டத்தை நிரப்பியிருப்பார்.

அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்கார அக்கா கவனித்துவிட்டுக் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“நோக்கியாவுல அந்தப் பொண்ணு செத்துச்சே, அப்ப நான் வேற கம்பெனியில லைன்ல இருந்தேன் தம்பி. அதுக்கப்புறம் ரொம்ப நாள் எங்க லைன்ல எது சிக்குனாலும் எடுக்கக் கை போகாது. ஆனா லீடர் பின்னாடி நின்னா போயிடும்.”

2010 அக்டோபர் 31. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 22 வயதுப் பெண் ஒருவர், சிக்கிய பலகையைச் சரிசெய்யப் போய் இயந்திரத்தில் மாட்டி இறந்தார். இயந்திரத்தை உடைத்தாவது உடனே மீட்டிருக்கலாம் என்று சக தொழிலாளர்கள் குமுறியதாக அன்றைய செய்திகள் சொல்கின்றன. 2014 நவம்பரில் அந்த ஆலையே மூடப்பட்டது. அக்கா சொன்னதில் என்னைப் பிடித்துக்கொண்டது கடைசி வரிதான். கையை உள்ளே விடுவது ஆபத்து என்று தெரியாமல் யாரும் விடுவதில்லை. இயந்திரத்தை நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

இதே வட்டாரத்தின் கார் ஆலைகளில் ‘ஆன்டான்’ என்ற முறை உண்டு, ஜப்பானிலிருந்து வந்தது. பாகத்தில் குறை தெரிந்தால், கடைசித் தொழிலாளிகூட கயிற்றை இழுத்து லைனை நிறுத்தக் கோரலாம். தகட்டில் கீறல் விழுந்தால் நிறுத்தலாம் என்றால் விரலுக்காகவும் நிறுத்தலாம்தானே? போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உடனடி ஆபத்து வரும் என்று தோன்றினால் நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரத் தொழிலாளிக்கு அது உரிமை தந்தது. அதுவும் அபாயகரமான தயாரிப்பு முறை உள்ள ஆலைகளில் மட்டும். சொல்லலாம். நிறுத்தலாம் என்று அதில் இருக்கவில்லை.

நான் அந்த வேலையிலிருந்து வந்து சில வருடங்கள் ஆகின்றன. சண்டை போட்டுக்கொண்டெல்லாம் வரவில்லை. ப்ரொபேஷன் முடிந்து, கன்ஃபர்ம் ஆகி, வேறு இடம் கிடைத்ததும் வந்தேன். இப்போதும் சேஃப்டிதான், ஆடிட்டுக்கும் போகிறேன். செக்லிஸ்ட்டில் இல்லாத ஒரு கேள்வியை ஆபரேட்டரிடம் தனியாகக் கேட்பேன்: “இந்த மெஷின நீங்க நிறுத்தினா உங்கள யார் திட்டுவாங்க?” பெரும்பாலும் சிரிப்பார்கள். சிலர் ஓரக்கண்ணால் யாரையோ பார்ப்பார்கள். அதைக் குறித்துக்கொள்ளக் கட்டம் கிடையாது. ஓரத்தில் எழுதி வைக்கிறேன். இதுவரை எந்தப் பக்கத்தையும் மாற்றி எழுதவில்லை என்று மட்டும் சொல்ல முடியும்.

அந்தப் பையன் இப்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறான். தீபாவளிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். என் மேல் அவனுக்குக் கோபமில்லை, ஏனென்றால் பதிவேட்டைப் பற்றி நான் அவனிடம் சொன்னதே இல்லை. போன தடவை பேசும்போது கேட்டான்.

“சார், ஏழு நம்பர்ல இப்போ லைட் எரியுதா?”

நான் அங்கிருந்து வந்துவிட்டேன், தெரியாது என்றேன். கேட்டுச் சொல்லுங்கள் என்றான். இன்னும் கேட்கவில்லை.