28ஆம் தேதியே இருக்கட்டும்

பாளையங்கோட்டை
12.07.2026

கர்த்தருக்குள் அன்பான ஜெனிக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு ட்யூட்டி நேரம் வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கல்யாணத்தை ஜனவரி 9க்குத் தள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். பைபாஸ் பக்கத்து மண்டபம் அன்றைக்குத்தான் காலியாம், மேடை பெரிதாம், உன் அப்பாவும் சொன்னான். எனக்கு மனசு ஒப்பவில்லை ஜெனி. டிசம்பர் 28, திங்கட்கிழமை என்று முதலில் பேசியதே இருக்கட்டும்.

ராசாத்தி மதினியை நினைத்துப் பார். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு சண்டே ஸ்கூலுக்குப் போனவள். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எப்படியும் ஊருக்கு வந்துவிடுவாள். அரைப்பரீட்சை லீவும் அப்போதுதான். 2ஆம் தேதி திரும்பிப் போனவளை 9ஆம் தேதிக்கு மறுபடி வா என்றால், ஒரு வாரத்துச் சம்பளம் போய், நாலு பேருக்கு டிக்கெட்டும் எடுக்க வேண்டும். வர முடியாது என்று சொல்ல மாட்டாள். கடன் வாங்கியாவது வருவாள். தாராவியில் இருக்கும் உன் தாத்தாவின் தம்பி குடும்பமும் அப்படித்தான். நம் ஊர்ப்பக்கம் வருஷத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிவது அந்த ஒரு வாரம்தான். மண்டபத்தைப் பார்த்துத் தேதி குறிக்க வேண்டாம், வரப்போகிற ஆட்களைப் பார்த்துக் குறிப்போம்.

28க்கு நெருக்கத்தில் வேறு நாளும் பார்த்தேன். 26 கூடவே கூடாது. உன் மாமியார் பிறந்த ஊர் குளச்சல். 2004இல் அந்தத் தேதியில்தான் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது. இன்றைக்கும் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் அன்று கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டு போகிறார்கள். உன் மாமியாரை அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டச் சொல்ல நமக்கு வாய் வராது. 27 ஞாயிறு, ஆராதனை இருக்கிறது. 31 ராத்திரி வாட்ச் நைட். 28ஐ விட்டால் 29, 30தான். அதற்குள் சிலர் வண்டி ஏற ஆரம்பித்துவிடுவார்கள்.

மாப்பிள்ளைத் தம்பி சாயங்காலம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆராதனை வைக்க ஆசைப்படுகிறார் என்று எழுதியிருக்கிறாய். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் 1872ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், காலை ஆறிலிருந்து மாலை ஏழு மணிக்குள் விவாகம் நடக்க வேண்டும் என்கிறது. இருட்டியபின் ஆரம்பித்தால் அடித்துப் பிடித்து முடிக்க வேண்டியிருக்கும். அதுவும் போக, நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் ஆட்களெல்லாம் பஸ்ஸில் வருகிறவர்கள். பத்தரை மணி ஆராதனை என்றால் சாப்பிட்டுவிட்டு வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேருவார்கள்.

கோயில் ஜோடனைக்குத் தனியாகச் செலவு வேண்டாம். நம்ம ஊசிக்கோபுரக் கோயில் 1826இல் ரேனியஸ் ஐயர் காலத்தில் கட்டியது, இந்த வருஷம் இருநூறு ஆகிறது. கிறிஸ்துமஸுக்குக் கட்டுகிற ஸ்டாரும் வண்ணக் காகிதமும் புது வருஷம் வரைக்கும் இறங்காது. போன வருஷம் பண்டிகை முடிந்த கையோடு நடந்த ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெஞ்சு ஓரங்களில் கொஞ்சம் பச்சை இலையும் வெள்ளைச் சம்பங்கியும் மட்டும் கட்டியிருந்தார்கள். மேலே ஸ்டார்கள் ஆடிக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை வெள்ளைப் புடவையில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பாடகர் குழுவில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ராத்திரி ராத்திரியாகக் கேரல் பாடி வீடு வீடாகப் போனவர்கள். அவர்களிடம் ரெண்டே பாட்டுக் கேட்போம். மீதியைச் சபையார் சேர்ந்து பாடட்டும்.

சாப்பாடு சபை மண்டபத்திலேயே. மார்கழியில் இந்து வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் நல்ல சமையல்காரர்கள் கையில் வேலையில்லாமல்தான் இருப்பார்கள். நம் தெருவில் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கென்று சைவப் பந்தி தனியாக, தனி அடுப்பில். இனிப்புக்கு முதலூர் மஸ்கோத் அல்வா சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். பூவுக்குத் தோவாளையில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பனி விழுகிற மாதத்தில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும். பிச்சி கிடைத்தால் போதும், உன் தலைக்கு அதுதான் அழகு.

எனக்குள்ள ஒரே பயம் மழை. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்ததை நீ அங்கிருந்து டிவியில்தான் பார்த்தாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்று, ஏறத்தாழ எண்ணூறு பேர் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணி இரண்டு கரையும் கொள்ளாமல் போனது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில் எத்தனை வீட்டில் அரிசியும் துணியும் போயிற்று! அதனால் வெட்டவெளிப் பந்தல் வேண்டாம் என்று உன் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நீயும் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் வந்து இறங்காதே. உங்கள் ஊர்ப் பனி, எங்கள் ஊர் மழை, எதிலாவது விமானம் நின்றுவிட்டால் என்ன செய்வது? 19ஆம் தேதிக்குள் இங்கே இருக்கிற மாதிரிப் பார். திருவனந்தபுரத்தில் இறங்கினால் கார் அனுப்புகிறோம். சென்னை வழி என்றால் நெல்லை எக்ஸ்பிரஸுக்கு அறுபது நாளைக்கு முன்தான் முன்பதிவு திறக்கும். அக்டோபரில் அதைத் தம்பி பார்த்துக்கொள்வான். போன கிறிஸ்துமஸ் அன்று நீ வார்டில் நின்றாய். இந்த வருஷம் லீவு உன் முறை என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடு.

இதெல்லாவற்றையும்விட முக்கியம் கோயிலில் வாசிக்கிற கல்யாண ஓலை. இரண்டு சபையிலும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். டிசம்பர் 20 கேரல் ஆராதனையாக இருக்கும்; அதை நம்பாமல் நவம்பர் 29, டிசம்பர் 6, 13 என்று முடித்துவிடுவது நல்லது. சபை ஐயரிடம் பேசினேன். உன் ஞானஸ்நானச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. திடப்படுத்தல் சான்றிதழும், நீ அங்கே போகிற கோயிலிலிருந்து நீ மணமாகாதவள் என்று ஒரு கடிதமும் வேண்டும். அந்தக் கடிதம்தான் தாமதமாகும், முதலில் அதைக் கேள்.

பெரிய மேடையில் நிற்க வேண்டும் என்கிற உன் ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை மக்களே. நீ கஷ்டப்பட்டுச் சம்பாதித்த பணம், உன் கல்யாணம். ஆனாலும் மாப்பிள்ளையிடமும் மாமியாரிடமும் இதைப் படித்துக் காட்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஐயரைப் பார்க்கப் போகிறேன். அதற்கு முன்னால் 28 என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, கோயிலைப் பதிந்துவிடுகிறேன்.

உன் அன்புள்ள,
அத்தை